எட்டாவது கம்பி

அத்தியாயம் ஆறு

"குற்றவாளி யாருன்னு நானே கண்டுபிடிச்சுட்டேன்" என்றார் முதலாளி. "ஆதாரத்தை மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்தா போதும். நாலு மணிக்கு போலீஸ் வருது."

அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டேகால்.

"டீ கிடைக்குமா?" என்று கேட்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை நோட்டைத் திறந்து, 'முதல் தேவை: டீ' என்று எழுதிக்கொண்டான். எதையும் விடாமல் எழுதச் சொல்லியிருந்தார் அத்தை.

அத்தை அவனுடைய மனைவியின் தாயார். இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் விபத்துகளை ஆய்வு செய்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறிய ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கும் வேலை போனதும், வேறு வேலை கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லி மாப்பிள்ளை அவரிடம் சேர்ந்தான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஓடிவிட்டது. வேறு வேலை கிடைக்கவில்லை, அவன் தேடவுமில்லை. மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையில் அத்தை இம்மியளவும் குறை வைக்க மாட்டார். சாக்கடையில் கைவிட்டுத் தேடச் சொன்னாலும், "கொஞ்சம் பாக்கறீங்களா மாப்பிள்ளை?" என்றுதான் சொல்வார்.

விஷயம் இதுதான். முதலாளியின் பட்டறை, புதிதாக எழும்பும் ஓர் ஆஸ்பத்திரிக்குப் படிக்கட்டு செய்து கொடுத்தது. சாதாரணப் படிக்கட்டு இல்லை. கீழே ஒரு தூண்கூடக் கிடையாது. கூரையிலிருந்து எட்டு இரும்புக் கம்பிகளில் தொங்குகிற படிக்கட்டு. போன வாரம் அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதித்துப் பார்த்தார்கள். ஏழு கம்பிகள் அசையவில்லை. எட்டாவது இழுபட்டு நீண்டது, முனையிலிருந்த மரை உருவிக்கொண்டது, படிக்கட்டு ஒரு மூலையில் ஒரு சாண் இறங்கியது. விழுந்தது மூட்டைகள்தான், யாருக்கும் அடியில்லை. மூட்டைகளுக்குப் பதிலாக நோயாளிகள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் மாப்பிள்ளை நோட்டில் எழுதவில்லை.

"எந்த ராடு போடணும்னு பதினாறு மாதிரி பாத்துத் தேர்ந்தெடுத்தவன் நான்" என்ற முதலாளி, மேஜைமேல் காகிதங்களை அழுத்திக்கொண்டிருந்த இரும்புத் துண்டைத் தட்டினார். நாலு விரல் உயரம், கட்டைவிரல் கனம், தலையில் நீல வர்ணம். அது லேசாகச் சாய்ந்தே நின்றது. "இதைவிட உறுதியான ராடு கிடையாது. எட்டு வாங்கினேன், எட்டும் வந்தது. லேத்துக்காரன் ஒண்ணை வெளியில தள்ளிட்டு, சாதா ராடுக்கு நீலம் பூசி மாட்டிட்டான்."

"அவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"மரை போடும்போதே எங்கிட்ட வந்து சொன்னான். 'ஐயா, இந்த ஒண்ணு மட்டும் சோப்பை வெட்டற மாதிரி போகுது'ன்னு. நீலம்னா நீலம்தான், போய் வேலையைப் பாருன்னு அனுப்பிட்டேன். இப்பத்தானே புரியுது! அது சாதா ராடுன்னு, மாத்தாதவனுக்கு எப்படித் தெரியும்?"

"திருடிட்டு, திருடின பொருளைப் பத்தி முதலாளிகிட்டயே வந்து புகார் சொன்னாரா?"

"அதைத்தான் சொல்றேன். பயங்கரமான மூளை."

மாப்பிள்ளை நோட்டில் எழுதினான்: 'மிக நேர்மையான திருடர்.'

இரும்புத் துண்டின் அடியில் தட்டச்சு செய்த புகார்க் கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்துகூடப் போட்டாகிவிட்டது.

படி இறங்கும்போது மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான்: "அவரைக் கம்பி எண்ண வைக்கணும்னு முதலாளிக்கு ரொம்ப ஆசை அத்தை. அதுக்கு முன்னாடி இவரு ஒழுங்கா கம்பி எண்ணியிருக்கலாம்."

"சத்தமா சொல்லாதீங்க மாப்பிள்ளை. டீ இன்னும் வரலை."

*

பட்டறையில் எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றைத் தவிர. ஓடாத லேத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் லேத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கைகளைத் துடைத்துத் துடைத்து, துடைக்க இனி எண்ணெயே இல்லாத நிலையிலும் துடைத்துக்கொண்டிருந்தார். மேல்சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"வீட்டுலேர்ந்து" என்றார். "மூணாவது தடவை. வேலைக்கு வரும்போது நான் வீட்டுல ஒண்ணும் சொல்லலை. நாலு மணிக்கு போலீஸ் வருதுன்னு யாரோ போன் போட்டுச் சொல்லிட்டாங்க. இருபத்திரண்டு வருஷம் இங்க இருக்கேன். என்னன்னு எடுத்துப் பேசறது?"

வேலை போன அன்றைக்கு, வீட்டு வாசலில் அரைமணி நேரம் மணியடிக்காமல் நின்றது மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. அவனுக்கே ஆச்சரியம், வாயில் நக்கல் எதுவும் வரவில்லை.

அத்தை இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு இரும்பைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நல்ல ராடு எது, சாதா ராடு எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

தெரிந்த விஷயத்தைக் கேட்டதும் லேத்துக்காரர் கொஞ்சம் நிமிர்ந்தார். "கண்ணால பாத்தா தெரியாதும்மா. ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதனாலதான் ஆலையிலயே ஒரு முனையில கலர் அடிச்சு அனுப்பறாங்க. நீலம்னா கெட்டி. ஆளுங்க ஏறுற, பளு தொங்குற இடத்துக்கு அதைத்தான் போடணும். கலர் இல்லாதது சாதா. ஜன்னல், கேட்டு, கைப்பிடி எல்லாத்துக்கும் அது தாராளமாப் போதும். இங்க ரெண்டு ராக்கு இருக்கு. நீலம் இந்தப் பக்கம், கலர் இல்லாதது அந்தப் பக்கம்."

"எந்த முனையிலேர்ந்து வெட்டுவீங்க?"

"கலர் இல்லாத முனையிலேர்ந்துதான். தலையை வெட்டிட்டா அப்புறம் அது யாரு என்னன்னு எப்படித் தெரியும்? கலர் கடைசித் துண்டு வரைக்கும் ராடோடவே இருக்கணும். இந்த வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லிக் குடுத்துடுவாங்க."

"அப்ப படிக்கட்டுக்கு வெட்டினதுல மிச்சம் விழுந்த துண்டுல நீலம் இருக்கும்."

"இருக்கும். வந்தது இருபது அடி, தேவை பத்தொன்பதரை. அரையடி அரையடியா எட்டுத் துண்டு. அதோ அந்தப் பீப்பாயில போட்டேன்."

அத்தை பீப்பாயைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு இருந்த அந்தப் பீப்பாயில் இரும்புச் சுருள்களும் எண்ணெய்க் கந்தலும் வெட்டுத் துண்டுகளும் முக்கால்வாசி நிறைந்திருந்தன.

"மாப்பிள்ளை, இன்னைக்குப் போட்டிருக்கிற சட்டை புதுசா?"

"உங்க பொண்ணு கல்யாண நாளுக்கு வாங்கிக் குடுத்தது அத்தை."

"ரொம்ப நல்லா இருக்கு. கொஞ்சம் இறங்கிப் பாக்கறீங்களா?"

*

எட்டும் கிடைத்தன. இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் மாப்பிள்ளை, எட்டுக்குப் பதில் ஆறு கம்பியில் படிக்கட்டைத் தொங்கவிடாத பொறியாளர்களைப் பற்றிச் சில கருத்துகளைப் பீப்பாய்க்கு உள்ளிருந்தே சொன்னான்.

அத்தை துண்டுகளை வரிசையாக அடுக்கினார். கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியையும் அதற்கடியிலிருந்து ஒரு சின்ன அரத்தையும் எடுத்தார். ஒவ்வொரு துண்டின் மீதும் அரத்தை ஒரு தடவை இழுத்தார். ஏழு துண்டுகளில் அரம் வழுக்கிக்கொண்டு போனது. எட்டாவதில் கடித்துப் பிடித்து, பொடியாக உதிர்த்தது.

"இரும்பைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்க" என்றார் லேத்துக்காரர்.

"அரத்தைப் பத்தித் தெரியும்" என்ற அத்தை, எட்டாவது துண்டை மாப்பிள்ளையிடம் நீட்டினார். "தலையைப் பாருங்க."

பார்த்தான். ஏழின் தலையிலும் வர்ணம் முக்கி எடுத்ததுபோல ஒரே சீராக இருந்தது. எட்டாவதில் கோடு கோடாகத் தெரிந்தது. நடுவில் பிரஷ்ஷின் முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது ஆலையில அடிச்ச நீலம் இல்லை" என்றான். "இங்க அடிச்சது."

லேத்துக்காரரின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப முதலாளி சொன்னது நிஜம்தான். யாரோ மாத்தியிருக்காங்க."

"மாத்தியிருக்காங்க. யாருன்னுதான் தெரியணும்" என்றார் அத்தை. மணி மூன்று ஆகியிருந்தது. "நீங்க போய்க் கையைக் கழுவிட்டு வாங்க மாப்பிள்ளை."

கை கழுவும் இடம் பட்டறையின் பின்பக்கம் இருந்தது. அரைக் கதவு, ஒரு குழாய், குறுக்கே துண்டு காயப்போட ஒரு கம்பி. மாப்பிள்ளை உள்ளே நுழைந்து திரும்பியதும் பரக்கென்று ஒரு சத்தம். கொக்கியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த கம்பியின் முனை, தோளிலிருந்து முழங்கை வரைக்கும் சட்டையைக் கிழித்துவிட்டது. முனை கோணலாக, கத்தி மாதிரி இருந்தது. கம்பியைத் திட்டுவதற்காக நிமிர்ந்தவன், திட்டாமல் கதவைப் பார்த்தான். கதவு நீலம். கோடு கோடாக அடித்த நீலம்.

அவன் திரும்பி வந்தபோது லேத்துக்காரர்கூட எழுந்து நின்றுவிட்டார்.

"அத்தை, உங்க பொண்ணு வாங்கிக் குடுத்த சட்டை போயிடுச்சு. ஆனா சும்மா போகலை. அந்த வர்ணம் எங்க இருக்குன்னு காட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கு."

*

கதவுக்கு வர்ணம் அடித்தவர் ஸ்டோர்காரர். சாமான்களைப் பூட்டி வைத்து எடுத்துக் கொடுக்கிற ஒல்லியான மனிதர், இடுப்பில் ஒரு படி சாவி. கதவைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"நல்லா இருக்கா? ராடுக்கு அடிச்சது போக மிச்சம் கொஞ்சம் இருந்தது. வீணாக்குவானேன்னு…"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ராடுக்கு?" என்று அத்தை கேட்டார், கதவின் அழகை இன்னும் ரசித்துக்கொண்டிருப்பவர் போல.

"நானா அடிக்கலைம்மா. நீல ராடு எண்ணிப் பாத்தேன், ஏழுதான் இருந்தது. முதலாளிக்கு போன் போட்டேன். 'எட்டு வந்தது, எட்டும் அங்கதான் இருக்கும். ஒண்ணுல மட்டும் கலர் இருக்காது. எடுத்து நீலம் அடிச்சு வை'ன்னு சொன்னார். நீல ராக்குல அப்படி ஒண்ணும் இல்லை. சாதா ராக்குல போய்ப் பாத்தேன். அங்க பதிமூணு கிடந்தது, எதுலயும் கலர் கிடையாது."

"பதிமூணுல அந்த ஒண்ணை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ஸ்டோர்காரருக்கு மறுபடியும் கொஞ்சம் பெருமை வந்தது. "யோசிச்சுப் பாத்தேன்மா. புதுசா வந்தது முழு நீளமாத்தானே இருக்கும்? ஒண்ணு மட்டும் நாலு விரல் குட்டையா இருந்தது, யாரோ வெட்டினது. அதை ஒதுக்கிட்டேன். மீதியில நல்லா பளபளன்னு இருந்ததை எடுத்து அடிச்சேன்."

"ஒதுக்கின குட்டை ராடு?"

"வெட்டின ராடு எதுக்கு ஆகும்? ஆறடி நறுக்கி, துண்டு காயப்போட மாட்டிட்டேன். அதுவும் என்ன ராடோ! ஒரே வெட்டுக்கு மூணு பிளேடு தின்னுடுச்சு."

மாப்பிள்ளை தொங்கிக்கொண்டிருந்த தன் சட்டைக் கையைப் பார்த்தான். லேத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூணு பிளேடு போச்சுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் கடைசியில்.

"பிளேடு மட்டம்னு நினைச்சேன் அண்ணே."

அத்தை கை கழுவும் இடத்துக்குப் போய், துண்டுகளை ஒதுக்கிவிட்டு, கம்பியில் அரத்தை இழுத்தார். வழுக்கியது. இன்னொரு தடவை இழுத்தார். அப்போதும் வழுக்கியது.

"இந்த ஊர்லயே உறுதியான கம்பி" என்றான் மாப்பிள்ளை. "யானையோட துண்டுகூடக் காயப்போடலாம்."

"அது சாதா ராக்குக்கு எப்படிப் போச்சு?" என்றார் அத்தை.

லேத்துக்காரர் கம்பியின் கோணல் முனையைத் தடவிப் பார்த்தார். "நான்தான் வெச்சேன்" என்றார். "ஒரு நாள் காலையில நீல ராக்குல கலர் இல்லாம ஒண்ணு கிடந்தது. முனை கோணலா வெட்டியிருந்தது. எவனோ கைப்பழக்கம் இல்லாதவன் சாதா ராடை அறுத்துட்டு இடம் மாத்திப் போட்டுட்டான்னு நினைச்சு எடுத்து அந்தப் பக்கம் வெச்சேன். கலர் இல்லைன்னா அந்தப் பக்கம். அதுதானே முறை?"

"அதுதான் முறை" என்றார் அத்தை. "நீங்களும் முறைப்படிதான் செஞ்சிருக்கீங்க. இவரும் முதலாளி சொன்னதைத்தான் செஞ்சிருக்கார். ரெண்டு பேரும் சரியா செஞ்சு படிக்கட்டைக் கீழ இறக்கிட்டீங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் கோணலா வெட்டியிருக்கார், அவர் யாருன்னுதான் பாக்கி."

மணி மூன்று இருபத்தைந்து.

"மாப்பிள்ளை, நோட்டுல முதலாளி போன்ல சொன்னதை எழுதினீங்களா? படிங்க."

மாப்பிள்ளை படித்தான். "'எட்டு வந்தது, எட்டும் அங்கதான் இருக்கும். ஒண்ணுல மட்டும் கலர் இருக்காது…'" அவனுடைய விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. பிறகு ஒரு பக்கம் முன்னால் புரட்டி, இரண்டேகால் மணிக்கு எழுதியதைப் பார்த்தான். "அத்தை. மாத்தாதவனுக்கு எப்படித் தெரியும்னு அவரே கேட்டாரே."

"நல்ல கேள்வி. அதையே திரும்ப அவர்கிட்ட கேப்போம்" என்ற அத்தை, லேத்துக்காரரைப் பார்த்தார். "அந்தக் கம்பியைக் கழட்டி எடுத்துட்டு வர்றீங்களா? மாப்பிள்ளை துண்டுகளைப் பிடிச்சுக்குவார்."

*

ஆறடிக் கம்பி அறைக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் முதலாளி, "ஆதாரமா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"பாதி ஆதாரம்" என்றார் அத்தை. "மீதி உங்க மேஜைமேல இருக்கு. ஒரு நிமிஷம் எடுத்துக்கட்டுமா?"

அனுமதிக்குக் காத்திராமல் நீலத் தலை இரும்புத் துண்டை எடுத்தார். மேலே விசிறி சுழன்றுகொண்டிருந்தது. புகார்க் கடிதம் மெல்ல எழும்பி, மேஜையின் ஓரம்வரை போய், தரையில் இறங்கியது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

அத்தை துண்டைத் தலைகீழாகத் திருப்பினார். அடிப்பக்கம் கோணல். அதனால்தான் அது மத்தியானத்திலிருந்து சாய்ந்தே நின்றிருக்கிறது. கம்பியின் கோணல் முனையோடு அதைச் சேர்த்து, மெதுவாகத் திருகினார். ஒரு இடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. நடுவில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. கம்பிக்குத் தலை வந்துவிட்டது, தலையில் நீலமும் இருந்தது.

முதலாளி மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"நாலு விரல்தானே வெட்டினேன்! ஆஸ்பத்திரிக்காரங்க கூட்டத்துல காட்ட ஒரு மாதிரி வேணும்னு, ஞாயித்துக்கிழமை நானே வந்து, என் கையால... ராடு அரையடி கூடத்தான் இருந்தது. அளந்து பாத்துத்தான் வெட்டினேன். நாலு விரல் குறைஞ்சா ஒண்ணும் ஆகாது!"

"ஆகாதுதான். எந்த முனையில வெட்டியிருந்தாலும் அதே நாலு விரல்தான். ஆனா இந்த முனையிலதான் அதோட பேர் இருந்தது."

"நீலம் இருந்தா பாக்க நல்லா இருக்கும்னு நினைச்சேன்" என்றார் முதலாளி. அதைச் சொன்னபோது அவருடைய குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது.

மாப்பிள்ளைக்கு ஒரு கணம் அவர்மேல் பாவமாக இருந்தது. பிறகு லேத்துக்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது, நாலாவது தடவை. அந்தப் பாவம் போய்விட்டது.

சரியாக நாலு மணிக்கு வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். "திருட்டுப் புகார்னு சொன்னீங்களாம். என்ன காணாமப் போச்சு?"

முதலாளி எல்லோர் முகத்தையும் பார்த்தார். உதவிக்கு யாரும் வரவில்லை.

"ஒரு ராடு. கிடைச்சிடுச்சு."

"எங்க இருந்தது?"

"இங்கதான்." முதலாளி எச்சில் விழுங்கினார். "துண்டு காயப்போட்டிருந்தோம்."

போலீஸ்காரர் ஆறடிக் கம்பியைப் பார்த்தார், தோளில் நாலு ஈரத் துண்டோடும் ஒரு கைச் சட்டையோடும் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார், இதற்குமேல் கேட்பது தன் வேலை இல்லை என்று முடிவு செய்து கிளம்பிவிட்டார்.

"சரி" என்றார் முதலாளி, தரையைப் பார்த்தபடி. "ஏழையும் இறக்கிச் சோதிச்சுட்டு, புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம். எல்லாரும் போய் வேலையைப் பாருங்க."

ஸ்டோர்காரர் நகர்ந்தார். லேத்துக்காரர் நகரவில்லை.

"ஒண்ணு பாக்கி இருக்குங்கய்யா" என்றார். "அன்னைக்கு நான் வந்து சொன்னதை இன்னொரு தடவை சொல்லணும். நீங்க நின்னு கேக்கணும்."

முதலாளி அத்தையைப் பார்த்தார். அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி மெதுவாக நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"ஐயா, இந்த ராடு சோப்பு மாதிரி போகுது. நீலம் அடிச்சிருக்கு, ஆனா இது அது இல்லை. மாட்ட வேண்டாம்."

லேத்துக்காரரின் கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வையை அவர் விலக்கிக்கொள்ளவில்லை.

"சரி" என்றார் முதலாளி கடைசியில். "நிறுத்துங்க. நான் வந்து பாக்கறேன்."

"அவ்வளவுதாங்க" என்றார் லேத்துக்காரர்.

வெளியே வந்ததும் அத்தை, "சட்டையைக் கழட்டிக் குடுங்க மாப்பிள்ளை, நானே தைச்சுத் தர்றேன். பொண்ணுகிட்ட பீப்பாயைப் பத்தி எதுவும் சொல்ல வேண்டாம்" என்றார். மாப்பிள்ளை பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பின்னால் மறுபடி போன் அடித்தது.

இந்தத் தடவை லேத்துக்காரர் எடுத்துவிட்டார்.

"ஆமா, நான்தான்" என்றார். "ஒண்ணும் இல்லைம்மா. அழாதே. எப்பவும் வர்ற நேரத்துக்கு வந்துடுவேன்."